போர்ட்டிங்: துறைமாற்றமா, தளப்பெயர்ப்பா?

வணக்கம்.

ஓர் இயங்குதளத்துக்காக எழுதிய நிரலை இன்னோர் இயங்குதளத்தில் ஓடும்படி மாற்றியமைப்பதுதான் 'போர்ட்டிங்'. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, 'துறைமாற்றம்' வேண்டாம் என்பேன். துறைமுகத்தைக் குறிக்கும் போர்ட் வேறு. இங்கே வருவது, எடுத்துச் செல்லத்தக்கது என்று பொருள்படும் 'போர்ட்டபிள்' வழியாக வந்தது. தவிர, துறைமாற்றம் என்றதும் ஓர் அதிகாரியை வேறு இலாகாவுக்குத் தூக்கியடிப்பதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை 'தளப்பெயர்ப்பு'. மொழிபெயர்ப்பில் மொழி மாறும். இதில் நிரல் பெரும்பாலும் சி என்னும் நிரல்மொழியிலேயே இருக்கும், அது ஓடும் இயங்குதளம்தான் மாறும். 'நிரல்பெயர்ப்பு' என்றால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. சி-யில் உள்ளதை ரஸ்ட் என்னும் வேறு நிரல்மொழியில் எழுதுவதையும் அப்படித்தானே சொல்லத் தோன்றும்? பெயர்த்தெடுப்பதில் வேரோடு பிடுங்குகிற பாடும் இருக்கிறது. வன்பொருளை இயக்கவைக்கும் இயக்கி (டிரைவர்) நிரலைத் தொட்டவர்களுக்கு இது தெரியும்: நினைவகம் கேட்பது, பூட்டுப் போடுவது, குறுக்கீட்டைக் கையாள்வது என எல்லாமே, இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குக் கெர்னல் வேறு. 'இணையதளத்தை இடம் மாற்றுவதும் தளப்பெயர்ப்புதானே' என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம்.

அப்புறம், ஒரே இயக்கியைப் பலர் ஒரே காலத்தில் பெயர்ப்பது. லினக்ஸ் 6.1-இன் டிஆர்எம் எனப்படும் வரைகலை இயக்கிகளை, பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளங்களான ஃப்ரீபிஎஸ்டியும் எடுத்தது, ஓப்பன்பிஎஸ்டியும் எடுத்தது. அதே குடும்பத்து நெட்பிஎஸ்டி 10 வெளிவந்தபோது அதிலிருந்தது லினக்ஸ் 5.6-இன் நிரல். வேர் ஒன்று, வேலை மூன்று தடவை! இவர்கள் கலந்து பேசி, திருத்தங்களைப் பகிர்ந்து, சேர்ந்து நகர்ந்தால் அதற்கு என்ன பெயர்? 'இணைப்பெயர்ப்பு' என்றால் இணைப்பு, இணையம் என்று குழப்பம் வரும். 'உடன்பெயர்ப்பு' எப்படி? உடன்பிறப்பு, உடன்படிக்கை இரண்டின் சாயலும் அதில் விழுகிறது. ஒரு தாய் நிரல், பேசிவைத்துக்கொண்ட பெயர்ப்பு.

ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதை இதில் சேர்க்கக் கூடாது. ஓப்பன்பிஎஸ்டியில் எழுதிய ஐடபிள்யூஎம் வைஃபை இயக்கி பிறகு நெட்பிஎஸ்டிக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் போனது. அது வெறும் தளப்பெயர்ப்பு.

எனக்கு இன்னும் பிடிபடாதது ஒன்றுதான். ஃப்ரீபிஎஸ்டியின் பிணைய இயக்கிகளை ஹைக்கூ என்னும் இயங்குதளம், நடுவில் ஒரு படலத்தை வைத்துக் கிட்டத்தட்ட அப்படியே ஓட்டுகிறது. லினக்ஸ் இயக்கிகளுக்கு ஃப்ரீபிஎஸ்டி வைத்திருக்கும் லினக்ஸ்கேபிஐ என்னும் படலமும் அதே உத்திதான். அங்கே எதையும் பெரிதாகப் பெயர்க்கவில்லையே! மாஞ்செடியில் போடுவதுபோல 'ஒட்டு' என்று சொல்லலாம்; ஆனால் அந்தச் சொல்லை, நிரலில் போடும் திருத்தமான பேட்ச்சுக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். வேறு ஏதாவது தோன்றுகிறதா?