கூடாரமும் உடைந்த கார் கண்ணாடியும்: தப்பு ஊர் நிர்வாகத்திலா, நாடே இப்படித்தானா?

ஓக்லாண்ட்வாசி கேட்டது:

மச்சான் டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸில் இருக்கிறார், நான் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தாலே இதே பேச்சுதான். "உங்க ஊர்ல திருடனைப் பிடிச்சா விட்டுடறாங்க, தெருவுல கூடாரம் போட்டா சோறு போடறாங்க. அப்புறம் கூட்டம் சேராம என்ன செய்யும்?" என்கிறார். போன மாதம் என் கார் கண்ணாடியை உடைத்து, மகளின் நீச்சல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருந்தது ஒரு ஈரத் துண்டு, அவ்வளவுதான். அன்றிலிருந்து மச்சானை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. நிஜமாகவே இது எங்கள் ஊர் நிர்வாகத்தின் வினையா, இல்லை நாடு முழுக்க இப்படித்தானா? கட்சிச் சண்டை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

முதலில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். 2020-இல் நாடு முழுக்கக் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 30% கூடின. அப்போது, உங்கள் பக்கத்து ஜனநாயகக் கட்சிக்கு எதிரணியான குடியரசுக் கட்சி மேயர்கள் இருந்த ஃபோர்ட் வொர்த்திலும் ஜாக்சன்வில்லிலும் கூடத்தான். (ஃபோர்ட் வொர்த் மச்சானுக்குப் பக்கத்து ஊர், ஞாபகப்படுத்துங்கள்.) 2023, 2024-இல் பெரும்பாலான ஊர்களில் இறங்கிவிட்டது. இதில் ஒரு மேயரை மட்டும் பிடித்துத் திட்டி என்ன பயன்?

கூடாரம் வேறு கதை. ஒரு ஜனவரியில் எங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) வீடற்றோர் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாகப் போனேன். இன்னும் விடியவில்லை, ஒரு காரில் மூன்று பேர். யாரையும் எழுப்பக் கூடாது, முகத்தில் டார்ச் அடிக்கக் கூடாது. நிற்கிற வண்டிக்குள் ஆள் படுத்திருப்பது எப்படித் தெரியும்? கண்ணாடியைப் பாருங்கள் என்றார்கள். உள்ளே மூச்சு விடுகிறவர் இருந்தால் ஆவி படிந்திருக்கும். அப்படி ஒரு வண்டியின் பின் ஜன்னலில், திரைக்குப் பதில் ஏதோ கடைச் சீருடை ஒன்று ஹேங்கரில் தொங்கியது, இஸ்திரி போட்டு. காலையில் வேலைக்குப் போகிறவர். 'வாகனம் 1' என்று குறித்துவிட்டு நகர்ந்தோம்.

கூடாரத்துக்குப் போதைதான் காரணம் என்பவர்களும் உண்டு. அப்படியென்றால் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் தெருவெல்லாம் கூடாரமாக இருக்க வேண்டும். அளவு மீறிய போதையில் சாகிற விகிதத்தில் பல ஆண்டுகள் அந்த மாநிலம்தான் முதலிடம். வீடற்றோர் விகிதமோ கலிஃபோர்னியாவைவிட மிகக் குறைவு. அங்கே வாடகை மலிவு. போதைக்காரருக்கும் ஓர் அறை கிடைத்துவிடுகிறது.

ஆக, உள்ளூர்க் கொள்கைதான் காரணம் என்பது என் வாதம். ஆனால் மச்சான் சொல்கிற கொள்கை இல்லை. 2016-இல் எங்கள் தெருமுனையில் நாலு மாடிக் குடியிருப்பு வருவதாக இருந்தது. கார் நிறுத்த இடம் போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் மனுவோடு வந்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். கட்டடம் வரவில்லை. என் வீட்டு விலை ஏறியது. மனை இன்னும் கம்பிவேலிக்குள் புல் மண்டிக் கிடக்கிறது. வேலியை ஒட்டி நடைபாதையில் இரண்டு கூடாரங்கள்.

போர்ட்லாந்து_மழை:

போதையை அவ்வளவு லேசாகத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் ஓரிகன் மாநிலத்தில் 2020-இல் ஓட்டுப் போட்டு, சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருந்தால் 100 டாலர் அபராதச் சீட்டு மட்டும் என்று ஆக்கினோம். சிகிச்சைக்கான பணம் வந்து சேரவே தாமதமாகிவிட்டது. பட்டப்பகலில் என் பேருந்து நிறுத்தத்தில் ஃபாயில் தாளில் போதைப்பொருளைச் சூடாக்கிப் புகையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கினார்கள். நிர்வாகத் தப்பு என்பதும் உண்டு சார்.

கணக்குப்பிள்ளை:

உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஃபென்டனில் என்கிற கொடிய போதைப்பொருள் உங்கள் பக்கம் வெள்ளமாக வந்ததும் அதே காலம். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கஷ்டம். டெக்சாஸைப் பாராட்ட மச்சானுக்கு ஆசை என்றால் ஹூஸ்டனைப் பாராட்டட்டும். 2011-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வீடற்றோர் எண்ணிக்கையை 60 சதவீதத்துக்கு மேல் குறைத்தார்கள். முதலில் கையில் வீட்டுச் சாவி, சிகிச்சை, வேலை எல்லாம் அப்புறம். இந்த இடத்தில் வீடு கட்டு, அந்த இடத்தில் கட்டாதே என்கிற ஜோனிங் சட்டமும் அந்த ஊரில் கிடையாது.

பழைய குமாஸ்தா:

கண்ணாடி விஷயத்துக்கு வருகிறேன். பூட்டிய காரை உடைத்துத் திருடினால் கலிஃபோர்னியாவில் பெருங்குற்றமாகவே வழக்குப் போடலாம். டெக்சாஸில் முதல் தடவை என்றால் அது சிறு குற்றம்தான். சாதாரணத் திருட்டு பெருங்குற்றமாவதற்கான வரம்பும் இங்கே 950 டாலர், அங்கே 2,500. ஏட்டில் இங்கேதான் கடுமை அதிகம். ஆனால் கண்ணாடி உடைத்தவன் பிடிபட்டால்தானே சட்டத்துக்கு வேலை?

ஓக்லாண்ட்வாசி:

நேற்று 950-ஐயும் 2,500-ஐயும் மச்சானிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, கண்ணாடி மாத்த எவ்ளோ ஆச்சு?" என்றார்.