மணல் வடிகட்டிக்கு டேப் வைக்கலாமா?

வைகைக்கரை: "ஒரு டிரம், மணல், அடியில ஒரு டேப். மினரல் வாட்டர் ரெடி" என்று பக்கத்து இழையில் ஒருத்தர் எழுத, ஊரே கைதட்டுது. கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990களில் உருவாக்கிய உயிர்மணல் வடிகட்டியில் டேப்பே கிடையாது. குழாய் அடியிலிருந்து மேலேறி, மணல்மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே வாய் திறந்திருக்கும். ஊற்றினால் வரும், மணல்மேல் 5 செ.மீ. தண்ணீர் மிஞ்சும்போது தானே நிற்கும். டேப் வைத்தால் அந்தக் கணக்கே போச்சு.

குடக்கூலி: எழுதினது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். குடத்தை வெச்சுக்கிட்டு சொட்டுச் சொட்டா பிடிக்கணுமா?

வைகைக்கரை: கீழே மூடி போட்ட வாளி வைங்க, டேப்பை அதுல மாட்டுங்க. வடிகட்டியில் மாட்டி மூடினால் மணல்மேல் ஒரு அடி தண்ணீர் தேங்கும். ஆக்சிஜன் கீழே எட்டாது, மணல்மேல் வளர்ந்து கிருமியைத் தின்னும் நுண்ணுயிர்ப் படலம் செத்துப்போகும். அடியில் வைத்துத் திறந்துவிட்டால் மணல் காயும், அப்பவும் சாவுதான். குழாய் முனையில் ஓஸ் மாட்டினாலும் தண்ணியை மணலுக்குக் கீழே உறிஞ்சி இழுத்துடும். 5 செ.மீ., அவ்வளவுதான்.

குடக்கூலி: 5, 5னு மந்திரம் ஓதாதீங்க. 6 ஆனா காலரா வந்துடுமா?

வைகைக்கரை: 6 இல்ல, உங்க டேப்புக்கு 30. போன மாசம் ப்ளீச்சிங் பவுடரை வடிகட்டிக்குள்ள கொட்டச் சொன்னதும் நீங்கதானே? குளோரின் போடுவது வடித்த தண்ணியில. மேலே கொட்டினால் படலம் காலி. அது மறுபடி தேற ஒரு மாசம் ஆகும்.

ஒற்றைப்பனை: எதுக்கு இந்தப் பாடு? தேற்றாங்கொட்டையை உரசிவிட்டா தெளிஞ்சுடும்.

எம்சாண்ட்: தெளியும், கிருமி போகாது. டேப்பை விடுங்க, மணலைப் பாருங்க. ஆற்று மணலில் அழுக்கும் கிருமியும் சேர்ந்தே வரும். கல் உடைச்ச மணலை 0.7 மி.மீ. சல்லடையில் சலிச்சுக் கழுவணும். வடிகட்டியை மேல்வரை நிரப்பி அளந்தால் நிமிடத்துக்கு 0.4 லிட்டர் வரணும். அதுக்கு மேல ஓடினா அதிகமாக் கழுவிட்டீங்க, பொடியெல்லாம் போயிடுச்சு.

ஒற்றைப்பனை: காவிரி மணலையே குறை சொல்ல கிரஷர்காரன் கிளம்பிட்டான்.

எம்சாண்ட்: நான் கிரஷர்காரன் இல்ல. "டா" போட்டுப் பேசற வேலை வேணாம்.

ஒற்றைப்பனை: "டா" எங்கய்யா போட்டேன்?

குடக்கூலி: நிஜக் குழாயடிச் சண்டை! ஓட்டம் குறைஞ்சா என்ன பண்ணுவாராம் மேதாவி? டேப் இருந்தா திறந்து கழுவலாமே.

வைகைக்கரை: மணலைக் கிளறவே வேண்டாம். மேலே நிற்கும் தண்ணியை உள்ளங்கையால் சுழற்றி, கலங்கினதைக் கப்பில் மொண்டு கொட்டுங்க. எதுல சுழற்றுவீங்க? அந்த 5 செ.மீ.லதான்.

குடக்கூலி: நாளைக்கு டேப் வெச்ச டிரம் போட்டோ போடறேன், பாருங்க.

வைகைக்கரை: போடுங்க. மணல்மேல ஸ்கேல் நட்டு எடுங்க.