வெள்ளத்துக்கு அப்புறம் அம்மா இருந்த சஷ்டி விரதம்

ஏரல்காரன்:
2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழைதான். எங்கள் கடைச் சரக்கு மொத்தமும் போனது. அடுத்த ஐப்பசியில் அம்மா திருச்செந்தூர்க் கொட்டகையில் ஆறு நாள் தங்கிச் சஷ்டி விரதம் இருந்தார்கள். ராத்திரி ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் போனேன். கால் வீங்கியிருந்தது. மனசு கேட்காமல் காபி வாங்கி நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்கிட்டே கொண்டுபோய் வாசம் பிடித்துவிட்டு, “நீ குடிய்யா” என்று திருப்பித் தந்தார்கள்.

“கடைக்காகத்தானே வேண்டுறீங்க?” என்றேன்.

“ஒண்ணும் கேக்கல. தண்ணி வந்த அன்னைக்கு முருகான்னு கூப்பிடக்கூட நாக்கு எழும்பல. அதைத்தான் சரிபண்ணிக்கிட்டு இருக்கேன்.”

அந்தக் காபியை என்னால் குடிக்க முடியவில்லை.

குலசை மாலை:
உங்கள் அம்மாவைக் கும்பிடுகிறேன். வட்டிக்கு வாங்கி மூழ்கிப்போயிருந்த வருஷம், 41 நாள் விரதம் இருந்து குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டினேன். வீடு வீடாகத் தர்மம் எடுத்துப் போனால், கடன் கொடுத்தவர் வீட்டு வாசல். குழுவோடு போகிறவன் ஒதுங்க முடியுமா? அதே திண்ணையில் வைத்து என்னை வாய்க்கு வந்தபடி பேசியவர், தட்டில் காசு போட்டு, “என் பிள்ளைக்கு நல்ல வாக்குச் சொல்லு தாயே” என்று கையேந்தி நின்றார். முகச்சாயத்துக்குள் நான்தான் என்று தெரிந்ததோ என்னவோ. நெற்றியில் திருநீறு பூசிவிட்டேன். என் கை நடுங்கியது. அந்தக் காசும் முத்தாரம்மன் உண்டியலில்தான் விழுந்தது.

பாளை அத்தை:
ஏரல் தம்பி, கால் வீக்கத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். பட்டினி கிடந்தால்தான் விரதமா? எங்கள் அப்பா திருச்செந்தூர் நாழிக்கிணற்றில் குளிக்க நின்ற வரிசையில் மயங்கி விழுந்தார்; வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தார். அதனால் சொல்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் தொடங்கக் கூடாது. மதியம் ஒரு வேளை பச்சரிசிச் சோறு சாப்பிட்டு இருப்பதும் சஷ்டி விரதம்தான். தண்ணீரை நிறுத்தவே கூடாது. கடலில் குளித்த ஈரத் துணியோடு உட்காரவிடாதீர்கள். துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். வயதானவர்களைத் தனியாக விட்டுவிட்டு ஐந்தாம் நாள் போய்ப் பார்ப்பது சரியில்லை.

மேலப்பாளையத்தான்:
அத்தை சொல்வது சரி. நோயாளிக்கு எங்களிடமும் நோன்பில் சலுகை உண்டு. ஆனால் அந்த அம்மா சொன்ன பதிலை நீங்கள் கவனிக்கவே இல்லை. 2020 ரமலானில் பள்ளிவாசல் பூட்டிக் கிடந்தது, நோன்புக் கஞ்சி இல்லை, பீடி வேலையும் நின்றுபோனது. உம்மா வீட்டில் காய்ச்சுகிற கஞ்சியில் முதல் தூக்கு பக்கத்து வீட்டுக்குப் போகும். ஒரு நாள் இருந்தது ஒரே ஒரு பேரீச்சம்பழம். அருவாமனையில் நாலாக நறுக்கி எங்கள் நாலு பேருக்கும் கொடுத்துவிட்டு, பாங்கு சொன்னதும் கொட்டையை எடுத்துத் தன் வாயில் ஒதுக்கிக்கொண்டார்கள்.

ஏரல்காரன்:
அத்தை, அம்மாவுக்குச் சர்க்கரை இல்லை. வந்ததும் டாக்டரிடம் காட்டினோம், வீக்கம் வடிந்துவிட்டது. தனியாக விட்டது என் தப்புதான். மேலப்பாளையத்து அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அந்த அம்மா இப்ப சுகமா இருக்காங்களான்னு கேளு” என்கிறார்கள்.