கூழ் வடகத்தில் சாம்பல்

குழு: பாட்டி வீடு
ஞாயிறு

சித்தி, 2:48
[படம்]
இதைப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பிழிந்த கூழ் வடகம். இப்போது மாடிக்குப் போனால் மேலெல்லாம் சாம்பல் தூவினாற்போல் இருக்கிறது. மூன்று படி அரிசி!

அம்மா, 2:50
ஐயோ! மேலே ஒரு வேட்டியைக் கட்டியிருக்கக் கூடாதா?

சித்தி, 2:50
கட்டினால் வெயில் எப்படி இறங்கும் அக்கா? மீஞ்சூருக்கு வந்து நீயே பிழிந்து பார்.

நான், 2:55
சித்தி, உங்கள் மாடியில் நான் மாட்டிய காற்றுத் தூசு அளக்கும் கருவியில் பார்த்தேன். மதியம் பிஎம் 2.5, அதாவது நுண்தூசு, வெறும் 38தான். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்கு 190! சாம்பல் ராத்திரியில்தான் விழுந்திருக்கும்.

சித்தி, 2:56
பத்து மணிக்குப் பிழிந்த வடகத்தில் ராத்திரிச் சாம்பல் எப்படிடா விழும்?

பெரியப்பா, 2:56
😂😂

மாமா, 3:04
கார்த்தி, உன் கருவிக்குள் ஒரு லேசர் இருக்கிறது. தூசு குறுக்கே போனால் ஒளி சிதறும், அதை வைத்துக் கணக்குப் போடும். கடலோரத்தில் விடியலில் காற்று நனைந்து கிடக்கும். தூசு ஈரம் குடித்து ஊதிவிடும், நீர்த்துளியையும் தூசு என்று எண்ணிவிடும். அந்த 190ஐ அப்படியே நம்பாதே. பக்கத்தில் ஈரப்பதத்தையும் எழுது.

மாமா, 3:06
வடகத்தில் விழுவது வேறு ஜாதி. 2.5 மைக்ரான் என்றால் தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் அதைவிட ரொம்பப் பெரியது. அந்தச் சின்ன விசிறி அதை ஒழுங்காக உள்ளே இழுக்காது.

நான், 3:07
அப்போ கருவி வேஸ்டா? 😟 பாக்கெட் மணி எல்லாம் அதில்தான் போனது மாமா.

மாமா, 3:12
வேஸ்ட் இல்லை. மணலியில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் இருக்கிறது, சமீர் செயலியில் எண் வரும். ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து எழுதிப் பார், உன்னுடையது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். 24 மணி நேரச் சராசரியைத்தான் பார்க்கவேண்டும். நம் நாட்டு வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் பிஎம் 2.5 என்றால் 60 மைக்ரோகிராம், பிஎம் 10 என்றால் 100, கந்தக டை ஆக்சைடு 80. கந்தகம் உன் கருவிக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று, ஏகியூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, 100 என்பது 100 மைக்ரோகிராம் இல்லை. பிஎம் 2.5 அளவு 60ஐத் தொட்டாலே ஏகியூஐ 100. போன வாரம் நீ போட்ட கணக்கு இதில்தான் இடித்தது.

நான், 3:13
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி, 3:15
அண்ணா, என் வடகம்.

மாமா, 3:21
வருகிறேன். மதியம் கடல்காற்று திரும்பும். அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளம், நிலக்கரி இறங்குகிற துறைமுகம், எல்லாமே உனக்குக் கிழக்கே. அதனால் யாருடைய தூசு என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. 500 மெகாவாட் அலகுக்குப் புகைபோக்கி 275 மீட்டர், அங்கிருந்து வருகிற நுண்தூள் பெரும்பாலும் தள்ளிப்போய்த்தான் இறங்கும். குளம் காய்ந்து கிடந்தாலோ, தார்ப்பாய் மூடாத சாம்பல் லாரி போனாலோ பக்கத்திலேயே கொட்டும். திவ்யா, வடகத்தின் மேல் செலோடேப்பை ஒட்டி எடு. காலேஜில் மைக்ராஸ்கோப் இருக்கிறதல்லவா? சாம்பல் கொதிகலனில் உருகிக் காற்றிலேயே குளிர்வதால் கண்ணாடி உருண்டையாக இருக்கும். மணலுக்கு முனை இருக்கும். நிலக்கரி கறுப்புச் சில்லு.

திவ்யா, 3:22
ஓகே மாமா 🔬

பெரியப்பா, 3:30
அது இருக்கட்டும். எங்கள் தெருவில் ஒருவன் வந்து, குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்தான். தண்ணீர் பழுப்பாகிவிட்டது. சாம்பல் விஷமாம். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் வாங்கச் சொல்கிறான்.

மாமா, 3:34
வாங்காதீர்கள் மச்சான். அந்தப் பழுப்பு அவன் கம்பியின் துரு. உப்பு இருக்கிற எந்தத் தண்ணீரிலும் இரும்புக் கம்பி அப்படிக் கரையும். மெஷின் தண்ணீரில் உப்பு இல்லை, கரண்ட் ஓடாது, தெளிவாக நிற்கும். டிடிஎஸ் மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும். ஆர்சனிக்குக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதை எந்தப் பேனா மீட்டரும் பிடிக்காது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கேளுங்கள். உலோகம் பார்க்க பாட்டிலில் அமிலம் விட்டுத்தான் எடுப்பார்கள், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள்.

பெரியப்பா, 3:36
ஆற்றில் கால் வைத்தால் கணுக்கால் வரை சாம்பல் சேறு. முன்பு கையால் தடவியே இறால் எடுப்போம். அதற்கு எந்த மீட்டர்?

மாமா, 3:41
அதற்கு உங்கள் கால்தான். எந்த இடம், எந்த நாள், எவ்வளவு ஆழம் என்று எழுதுங்கள், பக்கத்தில் ஒரு குச்சியை வைத்துப் படம் எடுங்கள். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் ஒழுகினால் சேறு இப்படித்தான் படியும்.

திங்கள்

திவ்யா, 11:52
[படம்]
உருண்டைதான்!! ஆனால் கறுப்புச் சில்லும் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தாய் என்று மிஸ் கேட்டார். வடகம் என்றேன், லேப் முழுக்கச் சிரிப்பு.

மாமா, 11:58
சபாஷ். டேப் எடுத்த நேரம், காற்றுத் திசை எழுதினாயா?

திவ்யா, 11:59
🙈

மாமா, 11:59
அப்போ நாளைக்கு மறுபடியும் வை.

சித்தி, 12:01
நாளைக்கு வெறும் தட்டுதான் வைப்பேன்.