சின்னப் பிள்ளைகளோடு ஓடித் திரியாத ஒரு நத்தார்: உங்கள் வீட்டில் எப்படி?

மகனுக்கு நாலு வயது, மகளுக்கு ஏழு மாதம். திருகோணமலை நகருக்குள் இருக்கிறோம். இதை எழுத வேண்டும் என்று நாலைந்து நாளாக நினைத்திருந்தேன். இப்போதுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உறங்குகிறார்கள்.

போன வருட நத்தாரைச் சொன்னால்தான் இந்த வருடம் விளங்கும். நான் நாலு மாதக் கர்ப்பிணி. நள்ளிரவுப் பூசைக்கு மகனைத் தூக்கிக்கொண்டு போனோம். வாங்கிலேயே உறங்கிப்போனவன், 'உன்னதங்களிலே' பாடி மணிகளை ஒலித்தபோது திடுக்கிட்டு எழுந்து விக்கி விக்கி அழுதான். மழையில் நனைந்து வீடு சேர ஒன்றரை மணி. விடிந்ததும் பதினாலு பேருக்குச் சமையல். மாலையில் உப்புவெளியில் ஒரு வீடு, பாலையூற்றில் ஒரு வீடு. மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல், எனக்கு எழும்பவே முடியவில்லை.

ஆகவே இந்த மார்கழி பிறந்ததும் கணவரிடம் சொல்லிவிட்டேன்: மூன்று காரியம்தான். காலைப் பூசை, பாலன் குடில், ஒரே ஒரு நல்ல சாப்பாடு. உறவினரைப் பார்ப்பதை மூவிராசாக்கள் திருநாளுக்குத் தள்ளிவைத்தோம். திருச்சபை நத்தார்க் காலத்தை ஜனவரி 6ஐயும் தாண்டி வைத்திருக்கும்போது, நாம் ஏன் எல்லாவற்றையும் 25ஆம் தேதிக்குள் அடைக்கிறோம்?

அதிகம் யோசித்தது கேக் பற்றித்தான். நம் நத்தார் கேக் என்றால் தெரியும்தானே: ரவை, கஜு, முந்திரிகை வற்றல், பூசணித் தோசி, செரி, இஞ்சிப் பாகு. எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, பழங்களை வாரக்கணக்கில் பிராந்தியில் ஊறவைத்து, சுட்டபின் சின்னத் துண்டுகளாக வெட்டி எண்ணெய்த்தாளில் சுற்ற வேண்டும். கைக்குழந்தையோடு என்னால் முடியாது. மாமி தொலைபேசியில், "கேக் இல்லாமல் அயலவருக்கு எதை அனுப்புவாய் பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானதுதான். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல் வரும், பெருநாளுக்கு எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா வட்டிலப்பம் அனுப்புவார். நான் அக்காவிடம் நேரே போய், "இந்த முறை தட்டு வராது அக்கா, குறை நினைக்காதீர்கள்" என்றேன். 24ஆம் தேதி மத்தியானம் அவர் ஒரு சட்டி கோழிக்கறியோடு வந்து நின்றார். நாங்கள் நினைத்திருந்த ஒரே நல்ல சாப்பாடு அதுவாகவே அமைந்தது. அந்தச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

குடிலை மகன்தான் செய்தான். சப்பாத்துப் பெட்டி, டச்சுக்குடாக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, கொஞ்சம் மணல். பாலன் சுரூபத்தை நள்ளிரவில்தான் வைப்பது எங்கள் வழக்கம். அதுவரை தொட்டில் வெறுமையாக இருக்கும். ஏழரை மணிக்கே அவன் சுரூபத்தை எடுத்துவந்து, "பாப்பா பன்னிரண்டு மணிவரை விழித்திருக்க மாட்டார் அம்மா" என்று சொல்லிப் படுக்கவைத்தான். தங்கையின் துவாயால் போர்த்தியும் விட்டான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நள்ளிரவில் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது கோயில் மணி கேட்டது, பிறகு தெருவெங்கும் வெடிச் சத்தம். பிறந்ததிலிருந்து நான் தவறவிடாத பூசை அது. நெஞ்சு கனத்தது. மகளின் காதைப் பொத்திக்கொண்டு, தெரிந்த பாட்டை மெதுவாக முணுமுணுத்தேன். அடுத்த வருடமும் போக முடியாதுதான். அது வலிக்கிறது, ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை.

காலைப் பூசை முடிய மழை விட்டிருந்தது. வழியில் கோட்டைக்குள் போய்ப் புள்ளிமான்களைப் பார்த்தோம். அரைமணி நேரம்தான். வீடு வந்து சாப்பிட்டு, நாலு பேரும் ஒரே பாயில் இரண்டு மணி நேரம் உறங்கினோம். நத்தார் நாளில் பகலில் உறங்கியது என் வாழ்க்கையில் இதுவே முதல் முறை.

நிலாவெளியிலிருந்து ஒரு அப்பா:

நள்ளிரவுப் பூசையை முழுவதும் விட எனக்கு மனமில்லை. ஆகவே பங்கு போட்டுக்கொண்டோம். ஏழு வயது மூத்தவனை நான் கூட்டிப்போனேன், மனைவி இரட்டைப் பிள்ளைகளோடு வீட்டில் உறங்கினார். காலைப் பூசைக்கு அவர் தனியாகப் போய்வந்தார். தனியாக, அமைதியாக ஒரு பூசை கண்டு மூன்று வருடமாகிறது என்றார். நான் கவனித்த இன்னொன்று: பரிசுகளை ஒரேயடியாகக் கொடுத்தால் பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள். முதலாவதை வைத்து விளையாடத் தொடங்குமுன் நாம் அடுத்ததைக் கையில் திணிக்கிறோம். இம்முறை நாளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். சண்டை வெகுவாகக் குறைந்தது.

பாலையூற்றிலிருந்து ஒரு அம்மம்மா:

மகளே, நீ எழுதியதைப் பேரப்பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டினான். என் மகளும் இந்த வருடம், "அம்மா, 25ஆம் தேதி வர வேண்டாம், 26ஆம் தேதி வாருங்கள்" என்றாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. நத்தாருக்குத் தாயை வரவேண்டாம் என்று சொல்வாளா என்று அழுதேன். பிறகுதான் அவளுடைய முகத்தை நினைத்துப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, தலை சீவக்கூட நேரமில்லை. நான் போனால் என்னையும் அவள்தான் கவனிக்க வேண்டும்.

26ஆம் தேதி எங்கள் வீட்டில் ஆரவாரம் இருப்பதில்லை. 2004இல் நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு காலையில், கடல் வந்தது. என் தம்பியைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்தக் காலையில் பூக்களோடு கரைக்குப் போகிறேன். இம்முறை பேரன்களும் கூட வந்தார்கள். மாரிக் கடல், அலை பெரிது. கையை இறுகப் பிடித்திருந்தேன். 9.25க்கு இரண்டு நிமிடம் பேசாமல் நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சின்னவன் பாதியிலேயே, "அம்மம்மா, உங்கள் தம்பிக்கும் பசிக்குமா?" என்று கேட்டான். பையில் வைத்திருந்த பணியாரத்தில் ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைப் பிட்டு, பாதியை அலைக்குக் கொடுத்தான்.