சாலையோரம் நின்றால் கேட்பவர்கள்

ஓட்லியிலிருந்து

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓரமாக நின்றால், அந்த வழியாக வரும் அடுத்த சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து, "எல்லாம் சரிதானே?" என்று கேட்பார். வார்ஃப்டேல் பக்கம் இது தவறியதை நான் பார்த்ததில்லை. மழைச்சட்டையைக் கழற்ற நின்றாலும் கேட்பார்கள், வாழைப்பழம் தின்ன நின்றாலும் கேட்பார்கள். கையை உயர்த்திக் காட்டினால் போய்விடுவார்கள். பதில் சொல்லத் தாமதித்தால் இறங்கியே விடுவார்கள். இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்களில் பெரும்பாலோர் இப்படி அறிமுகமானவர்கள்தான். அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. உங்களுக்கும் இப்படிப்பட்ட சந்திப்புகள் இருந்திருக்கும், எழுதுங்கள்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்லி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வடமேற்கே வார்ஃப் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய சந்தை ஊர். தெற்கே செவின் என்ற குன்று ஊருக்கு மேல் எழுந்து நிற்கிறது. ரயில் நிலையத்தை 1965 இல் மூடிவிட்டார்கள். எனவே லீட்ஸுக்கு வேலைக்குப் போக பஸ், அல்லது கார், அல்லது கால். நான் காலை நம்புகிறவன். எந்தச் சாலையில் போனாலும் ஏதாவது ஒரு ஏற்றம் தப்பாது. குளிர்காலத்தில் பனியுருக உப்பு தூவிவிடுவார்கள்; அது செயினைத் தின்றுவிடும். வீடு திரும்பியதும் செயினைத் துடைத்து எண்ணெய் போடுவது சோறு வடிப்பதைப் போல அன்றாட வேலையாகிவிட்டது.

செப்டம்பர் மாதச் சந்திப்பு ஒன்றை முதலில் சொல்கிறேன். ஊருக்கு வடக்கே வாஷ்பர்ன் பள்ளத்தாக்கு. அங்கே லிண்ட்லி வுட், ஸ்வின்ஸ்டி, ஃப்யூஸ்டன், த்ரஸ்கிராஸ் என்று நான்கு நீர்த்தேக்கங்கள். அவற்றைச் சுற்றிக் குறுகலான கிராமச் சாலைகள், இருபுறமும் ஹாதார்ன் என்ற முள்செடி வேலி. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயல் வேலிகளை வெட்ட இங்கிலாந்தில் தடை. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் சுழலும் வெட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். நறுக்கிய முள் சாலை முழுவதும் சிதறிக் கிடக்கும். அன்றைக்கு என் பின்சக்கரம் இறங்கியது. டியூபை மாற்றிக் காற்றடித்தேன்; சற்று நேரத்தில் அதுவும் இறங்கியது. முள் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தட்டுப்படவே இல்லை.

எழுபது வயதைத் தாண்டியவர் ஒருவர் பழைய இரும்புச் சட்டக சைக்கிளில் வந்து இறங்கினார். வழக்கமான கேள்விதான். என் கையிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக் கொடுத்து, டயரின் உட்புறம் மெதுவாகச் சுற்றி வரத் தேய்க்கச் சொன்னார். ஓரிடத்தில் பஞ்சின் இழை சிக்கி நின்றது. அங்கேதான் முள்ளின் நுனி முறிந்து ரப்பருக்குள் புதைந்திருந்தது. நம் எடை ஏறி டயர் அழுந்தும்போது மட்டும் அது வெளியே எட்டிப் பார்த்து டியூபைக் குத்துமாம். இப்படி ஒரு வித்தையை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த டிராக்டர் வந்தது. ஓட்டி வந்த விவசாயி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். சண்டை வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். பெரியவர் பஞ்சில் சிக்கிய முள்ளை அவரிடம் காட்டினார், அவ்வளவுதான். விவசாயி தன் பக்கத்தைச் சொன்னார்: மழை தொடங்கி வயலோரம் சேறாகிவிட்டால் டிராக்டர் இறங்காது, அதற்குள் வெட்டியாக வேண்டும். நியாயமான பேச்சு. கடைசியில், சனி ஞாயிறுகளில் சைக்கிள்கள் அதிகம் வருவதால் அந்தச் சாலையோர வேலியை வார நாளில் வெட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு செவ்வாய்க்கிழமை ஒன்றில் அந்த வழியாகப் போனேன். டிராக்டர் வேலையில் இருந்தது. சனிக்கிழமைக்குள் கார்களின் சக்கரம் பட்டு முள்ளெல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது.

எல்லாச் சந்திப்பும் இப்படி இனிமையாக முடிவதில்லை. பூல் கிராமத்தை நோக்கிப் போகும் சாலையில் ஒரு வேன், அதன் கண்ணாடி என் முழங்கையை உரசும் அளவுக்கு நெருங்கி முந்தியது. அடுத்த சிக்னலில் பக்கத்தில் போய் நின்றேன். "சாலை வரி கட்டாதவன் ஓரமாகப் போ" என்றார் ஓட்டுநர். சாலைக்கென்று தனியாக ஒதுக்கிய வரி பிரிட்டனில் 1937 லேயே முடிந்துபோனது. இன்று வாகன உரிமையாளர் கட்டுவது வாகனத்துக்கான வரி; சாலைகள் பொது வரிப்பணத்தில் நடக்கின்றன, அதில் என் சம்பளத்தில் பிடித்ததும் இருக்கிறது. இதையெல்லாம் சிக்னல் பச்சையாவதற்குள் சொல்ல முடியாது. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதித் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது: மணிக்கு 30 மைல் வரை வேகத்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி, அதற்கு மேல் வேகமென்றால் இன்னும் அதிகம். அன்றிரவே ஹேண்டில்பார் கேமராவில் பதிவானதைக் காவல்துறைக்கு அனுப்பினேன். மேற்கு யார்க்‌ஷயரில் 'ஆபரேஷன் ஸ்னாப்' என்ற பெயரில் பொதுமக்களின் வீடியோக்களைப் பெற்றுக்கொள்கிறார்கள். உங்களுக்கும் நேர்ந்தால் அனுப்புங்கள். பொறுத்துக்கொண்டு போவது பெருந்தன்மை அல்ல. அடுத்து அந்தச் சாலையில் வருவது பள்ளிச் சிறுமியாக இருக்கலாம்.

பள்ளிச் சிறுமி என்றதும் நினைவுக்கு வருகிறது. லிசி டீக்னன் இந்த ஊரில் பிறந்தவர். திறமை தேடிப் பள்ளிக்கு வந்தவர்கள் கண்ணில் பட்டுத்தான் சைக்கிள் பந்தயத்துக்கே போனார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி, 2015 இல் உலக சாம்பியன், 2021 இல் பெண்களுக்கென முதன்முதலாக நடந்த பாரிஸ் ரூபே பந்தயத்தில் வெற்றி. கோடையில் ஒரு மாலை, ஊர் நடுவே தெருக்களை அடைத்துச் சைக்கிள் பந்தயம் நடக்கும். என் பக்கத்து வீட்டு அம்மையார் சைக்கிளே ஓட்டாதவர். ஆனால் அன்று ஆரஞ்சு நிற அங்கி போட்டுக்கொண்டு வளைவில் நின்று கூட்டத்தைத் தடுப்பது அவர் வேலை. சக்கரங்கள் கூட்டமாக அவரைக் கடக்கும்போது எழும் காற்றுக்காகத்தான் அங்கே நிற்கிறேன் என்றார் என்னிடம்.

ஹாரகேட்டிலிருந்து

அண்ணா, பஞ்சு வித்தைக்கு நன்றி. என் சைக்கிள் பையில் இப்போதே வைத்துவிட்டேன். இரவுப் பணி முடித்து விடியற்காலையில் மருத்துவமனையிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் செவிலியர் நான். எனக்கு மனிதர்களைவிடக் குதிரைகளோடுதான் சந்திப்பு அதிகம்.

ஹாரகேட்டிலிருந்து ரிப்ளி வரை பழைய ரயில் தடத்தைப் பாதையாக்கியிருக்கிறார்கள். நடப்பவர், சைக்கிள், குதிரை, சக்கர நாற்காலி எல்லோருக்கும் பொதுவான பாதை. நிட் ஆற்றின் மேலே அந்தப் பழைய ரயில் பாலத்தில் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். கால் வலியெல்லாம் மறந்துபோகும். ஒருநாள் முன்னால் குதிரையில் போய்க்கொண்டிருந்த பெண்ணிடம், மணியடித்தால் குதிரை மிரளுமா என்று கேட்டேன். "குதிரைக்குக் குதிரை மாறும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். எதையாவது பேசிக்கொண்டே வாருங்கள். மனிதக் குரல் கேட்டால் வருவது மனிதர் என்று அதற்குத் தெரிந்துவிடும்" என்றார். அதிலிருந்து தூரத்திலேயே தமிழில் பேச ஆரம்பித்துவிடுவேன். "வருகிறேன் ராஜா, வலது பக்கமாகப் போகிறேன்" என்பேன். குதிரை காதைத் திருப்பும். மேலே இருப்பவர் கையசைப்பார். புதிதாக ஓட்டுபவர்கள் தயவுசெய்து இதைப் பழகிக்கொள்ளுங்கள். குதிரை மிரண்டால் விழுவது நாம் மட்டும் அல்ல.

இன்னொரு சந்திப்பையும் எழுத வேண்டும், ஏனென்றால் அவர் தரப்பும் இங்கே வர வேண்டும். 2014 ஜூலை 5 அன்று டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் லீட்ஸில் தொடங்கி இங்கே முடிந்தது. ஜெர்மனியின் கிட்டல் ஜெயித்தார், பிரிட்டனின் கேவண்டிஷ் எங்கள் ஊர்த் தெருவில் விழுந்து தோளைப் பெயர்த்துக்கொண்டார். அன்றைக்கு ஊரே திருவிழா. 2019 செப்டம்பரில் உலக சாம்பியன்ஷிப் வந்தபோது மழை. ஆண்கள் பந்தயத்தின் தூரத்தையே குறைக்க வேண்டியதாயிற்று. பெண்கள் பந்தயத்தில் நெதர்லாந்தின் வான் வ்ளூட்டன் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தனியாளாக ஓட்டி வென்றதை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆனால் 'ஸ்ட்ரே' என்று நாங்கள் அழைக்கும் 200 ஏக்கர் புல்வெளியின் ஒரு பகுதி, கூடாரங்களாலும் கூட்டத்தாலும் சேறாகிப்போனது. தினமும் அங்கே நாயோடு நடக்கும் முதியவர் ஒருவர் என் சைக்கிளைப் பார்த்ததும் நிறுத்தி, "உங்கள் ஆட்கள் செய்ததைப் பாருங்கள்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அந்தப் புல் எவ்வளவு முக்கியம் என்பது முகத்தில் தெரிந்தது. பந்தயம் மறுபடி வர வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன். அந்தப் புல்வெளியில் கூடாரம் போடக் கூடாது என்றும் சொல்கிறேன்.

பந்தயத்துக்கு மட்டும் பேர்போன ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டனின் சைக்கிள் பயணிகள் சங்கம் 1878 ஆகஸ்டில் பிறந்தது இங்கேதான். இன்று அதற்கு சைக்ளிங் யூகே என்று பெயர்.

மோர்லியிலிருந்து

நான் ஓட்டுவது குறைவு; பேச்சுக் கேட்பது அதிகம். எங்கள் மோர்லியில் பெரில் பர்ட்டன் பெயரில் ஒரு சிறு பூங்கா இருக்கிறது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர், என் மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, "அந்தச் சுவர் ஓவியத்தில் இருப்பவர் யார் தெரியுமா?" என்று அவளிடம் கேட்டார். தெரியாது என்றாள். அரைமணி நேரம் அவர் பேசினார், அவள் அசையவில்லை.

அந்த ஓவியத்தில் இருப்பவர்தான் பெரில். ருபார்ப் என்ற தண்டுச் செடி வளர்க்கும் தோட்டத்தில் உடல் வருந்த உழைத்துக்கொண்டே சைக்கிள் பந்தயம் ஓட்டிய பெண். ஏழு உலகப் பட்டங்கள். நேரப்பந்தயம் என்றால் ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டியிடுவது; அதில் நாட்டின் மிகச் சிறந்த பெண் வீரர் என்ற பட்டத்தைத் தொடர்ந்து 25 ஆண்டுகள் யாரிடமும் விடவில்லை. 1967 இல் அண்ணன் ஊரின் ஓட்லி சைக்கிள் சங்கம் நடத்திய 12 மணி நேரப் பந்தயம். ஆண்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு கிளம்பி, ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் முன்னணியில் இருந்த மைக் மெக்னமாராவையும் எட்டிவிட்டார். தாண்டும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு லிக்கரிஸ் (அதிமதுரம்) மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார், அவரும் வாங்கிக்கொண்டார். மெக்னமாரா அன்று 276.52 மைல் ஓட்டி ஆண்கள் சாதனை படைத்தார். பெரில் ஓட்டியது 277.25 மைல். பெண்கள் சாதனையாக அது 2017 வரை நின்றது.

"வலிக்காதா?" என்று மகள் கேட்டாள். "வலிக்கும், மகளே. அவருக்கும் வலித்தது" என்றார் பெரியவர். அடுத்த வாரம் ஓட்லிக்குப் போக வேண்டும் என்று இப்போது பிடிவாதம் பிடிக்கிறாள். அண்ணா, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பக்கத்துச் சாலைகள் சரிப்படுமா?

ஓட்லியிலிருந்து

தாராளமாக அழைத்து வாருங்கள் தம்பி. செவின் பக்கம் வேண்டாம். ஆற்றை ஒட்டி இல்க்லி நோக்கி வடகரைச் சாலையில் போவோம். ஏற்றம் லேசாக இருக்கும். பிள்ளையை நடுவில் விட்டு, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் போனால் போதும். அமைதியான சாலையில் அவள் ஓரத்தை ஒட்டிப் பதுங்காமல் தன் பக்கத் தடத்தின் நடுவில் ஓட்டலாம், விதியே அதற்கு இடம் தருகிறது.

ஒரு உபரி டியூப், டயர் கழற்றும் லீவர் இரண்டு, பம்ப், பஞ்சு எடுத்து வையுங்கள். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சந்தைச் சதுக்கத்துப் பட்டர்கிராஸ் மண்டபத்தடியில் நிற்பேன். தூறல் என்றாலும் கிளம்புவோம். மட்கார்ட் இல்லாதவர்கள் மட்டும் வரிசையின் கடைசியில் வர வேண்டும். முன்னால் போனால் பின்னால் வருபவரின் முகத்தில் சேறு தெறிக்கும்.