போப்பையர் கல்லறையில் இல்லாத வரி

சாயர்புரம் பக்கத்தில் முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்த ஜி.யு. போப், அதான் நம்ம போப்பையர், பாடம் வந்தாலே, "சாகும்போது அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதாம்லே. ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’னு கல்லறையில எழுதணும்னார்" என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பிள்ளைகள் அதையே பரீட்சையில் எழுதும், நானும் மார்க் போடுவேன்.

போன வருஷம் மகள் பேறுகாலத்துக்கு இங்கிலாந்து போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை மருமகன் ஆக்ஸ்போர்டுக்குக் கூட்டிப்போனார். வால்டன் தெருவில் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம். ஊருக்குள் சர்ச் வளாகங்களில் புதைக்க இடமில்லாமல் போய் 1848-இல் திறந்தது. நம்மூர் கல்லறைத் தோட்டம் என்றால் உடைமரம், எருக்கு, கண் கூசும் சுண்ணாம்பு. இப்போது டைல்ஸ் வேறு. அங்கேயோ புல்லும் மரநிழலும்தான். கல் குருசுகள் பாசி பிடித்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. ஈஸ்டர் விடியலில் மெழுகுவத்தியோடு நாம் போவதுபோல அங்கே யாரும் வருவார்களா என்று வீட்டுக்காரி கேட்டாள். மருமகன் சிரித்தார்.

போப்பையர் கல்லைக் கண்டுபிடித்தோம். 1820 ஏப்ரல் 24 பிறப்பு, 1908 பிப்ரவரி 11 இறப்பு. பேருக்குப் பின்னாலேயே தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று வெட்டியிருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு கற்பித்தவர் என்றும் இருக்கிறது. நான் தேடிய வரி மட்டும் இல்லை. ஈர்க்குச்சியால் பாசியைச் சுரண்டி, எழுத்து எழுத்தாக ரெண்டாம் தடவை படித்தேன். இல்லவே இல்லை. சப்பென்று ஆகிவிட்டது.

அப்புறம்தான் கடைசிப் பகுதி மண்டையில் ஏறியது. இந்தக் கல்லை வைத்தது அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களுமாம். நம்மூரில் கோயில் கொடைக்கு வரி பிரிக்கவே வீட்டுக்கு நாலு நடை நடக்கணும். கடல் தாண்டிப் படுத்திருக்கிற ஒரு மனுஷருக்கு இங்கிருந்து துட்டு போயிருக்கிறது!

இன்னொன்று. பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். இந்த வயசில் திருவாசகத்தை மொழிபெயர்க்க முடியுமா என்று போப்பையர் மலைத்தபோது, பெரிய வேலை கையில் இருந்தால் அது முடிகிறவரை ஆயுசு இருக்கும் என்று தெம்பு சொன்னவர் அவர். போப்பையர் 80 வயசில், 1900-இல், நூலை வெளியிட்டார். தெம்பு சொன்னவர் 1893-லேயே போய்விட்டார்.

என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த மார்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

*

அண்ணாச்சி, உங்க போப்பையர் கல்லறைக் கதையைப் படித்தேன். நான் இடையன்குடி. எங்களுக்குக் கால்டுவெல் ஐயரைப் பார்க்கத் தோட்டத்துக்கே போக வேண்டாம். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து, அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே பீடத்துக்கு அடியில் அடக்கம் பண்ணினார்கள். அந்தக் கோயில் 1847-இல் தொடங்கி 1880-இல்தான் முடிந்தது. சின்னப் பிள்ளையில் ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடுவார்கள், நான் மட்டும் மூட மாட்டேன். ஐயர் கீழே முழித்துக்கொண்டு கிடப்பதாக நினைப்பு. அம்மாவிடம் கிள்ளு வாங்கியதுதான் மிச்சம்.

*

எங்க ஊர் ஆதிச்சநல்லூரில் கல்லறை வரிக்கே வேலை இல்லை சார். 114 ஏக்கர் பரம்பு, பழங்காலத்து இடுகாடு. பேரும் கிடையாது, கல்லும் கிடையாது, செத்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிதான். 1899 முதல் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டி, பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலச் சாமானும் எடுத்தார். எங்க தாத்தா அங்கே ஆடு மேய்த்தவர். மழை பெய்து ஓய்ந்தால் தாழி வாய் வட்ட வட்டமாக வெளியே தெரியுமாம். "வட்டத்துக்குள்ள கால வைக்காதல, ஆளு இருக்கு" என்பார்.